பத்மநாபபுரம் அரண்மனையை முதியோரும் முழுமையாகக் காண வழி செய்யக் கோரும் மனு

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
தொல்லியல் துறை, கேரள அரசு,
திருவனந்தபுரம்.

பொருள்: பத்மநாபபுரம் அரண்மனை – படி ஏற இயலாத முதியோருக்குத் தரைத்தளத்தில் வசதி செய்து தரக் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். கடந்த மாதம் என் அம்மாவைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கு அழைத்துப் போனேன். அவருக்கு வயது 84. 1956 நவம்பர் 1-ஆம் தேதி எங்கள் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது அவர் பள்ளிக்கூடச் சிறுமி. ஊர் இந்தப் பக்கம் வந்தது. அரண்மனையின் பராமரிப்பு கேரள அரசிடமே நின்றது. ஆகவேதான் தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டடத்துக்காகத் திருவனந்தபுரத்துக்கு மனு எழுதுகிறேன்.

முகப்பு மண்டபமான பூமுகத்தில் தொங்கும் குதிரை விளக்கை அம்மா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். அடுத்து, மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலைக்கு ஏறும் படி. செங்குத்தானது, குறுகலானது. ஒரு காலைத் தூக்கி வைத்தவர், கைப்பிடியை இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுக் காலை எடுத்துக்கொண்டார். "நீ போய்ப் பாத்துட்டு வா மக்களே, நான் இங்கயே இருக்கேன்."

நான் மட்டும் ஏறினேன். மைக்கா பதித்த ஜன்னல்கள் வழியே இறங்கும் வெளிச்சம், மெருகேறிய கருந்தரை, உப்பரிகை மாளிகையில் 64 வகை மூலிகை மரங்களால் ஆனது என்று சொல்லப்படும் கட்டில், எல்லாவற்றையும் பார்த்துத் திரும்பி வந்தபோது அம்மா கேட்டது ஒன்றுதான்: "அந்தத் தரையில இப்பவும் மொகம் தெரியுதா?" சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த தரை என்று சிறுவயதில் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். குனிந்து முகம் பார்த்தது அவருக்கு இன்றும் நினைவிருக்கிறது.

இதில் யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. படி அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்து மரவேலையைக் குடைந்து லிஃப்ட் வைக்கச் சொன்னால் அதை எதிர்த்து முதல் மனு நானே போடுவேன். உப்பரிகையின் மேல்மாடிச் சுவர்ச்சித்திரங்களைப் பார்க்க எல்லோரையும் ஏற்றிவிடுங்கள் என்றும் கேட்கவில்லை. மூச்சுக்காற்றும் கைவியர்வையும் பட்டால் அவை தாங்காது.

நான் கேட்பது, மேலே இருப்பதைக் கீழே கொஞ்சம் கொண்டுவாருங்கள் என்பதுதான். தரைத்தளத்தில் ஓர் அறை போதும். மந்திரசாலை, கட்டில், அனந்தசயனச் சித்திரம் ஆகியவற்றின் பெரிய படங்களும், தமிழிலும் மலையாளத்திலும் நாலு வரி விளக்கமும் அங்கே இருக்கட்டும். அதே முறையில் செய்த தரைத்துண்டு ஒன்றையும் கை எட்டும் உயரத்தில் வைத்தால், தொட்டுப் பார்க்க ஆசைப்படுபவர்கள் அசல் தரையை விட்டுவிடுவார்கள். படி ஏறாதவர்களை ஒரு வழிகாட்டி தனியாகக் கூட்டிப் போய்த் அரண்மனையின் பழைய பகுதியான தாய்க்கொட்டாரத்தின் பலாமரத் தூணையும் நவராத்திரி மண்டபத்தையும் காட்டலாம். தோட்டத்து மரநிழலில் முதுகு சாய்கிற மாதிரி நாலைந்து இருக்கைகள் வேண்டும்; சாய்மானம் இல்லாத பெஞ்சில் உட்கார்ந்த கிழவி எழுந்திருக்க ஆள் தேடவேண்டும்.

திங்கட்கிழமைகளில் அரண்மனைக்கு விடுமுறை. அப்படி ஒரு நாளில் தங்கள் அலுவலர்கள் முதியவர் ஒருவரை உடன் நடத்திப் பார்த்து, அவர் எங்கெங்கே நிற்கிறார் என்று குறித்து, அதன்படி ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். முதியவர் கிடைக்காவிட்டால் அம்மா வரத் தயார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)

நகல்: மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.