"ரெண்டு நாள்ல சொல்றோம்" என்று சொன்ன ஹெச்ஆர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருப்பவர்களே, வணக்கம்.

மூன்று சுற்று நேர்காணல், நடுவில் "சின்ன" அசைன்மென்ட் என்ற பெயரில் ஒரு சனி ஞாயிறையே முழுங்கிய வேலை, எல்லாம் முடிந்தபிறகு "ரெண்டு நாள்ல சொல்றோம்" என்றீர்கள். ஏழு வாரம் ஆச்சு.

குளிக்கப் போனாலும் போன் கூடவே வரும், சோப்பு வைக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கும். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் ஈரக்கையோடு பாய்ந்து எடுப்பேன், லோன் வேண்டுமா என்பார்கள். இதற்கிடையில் வேறோர் இடத்தில் கூப்பிட்டார்கள். உங்கள் பதில் தெரியட்டும் என்று நானே தள்ளிப்போட, அதுவும் கை நழுவிப் போனது. சரி, அந்த முட்டாள்தனம் என்னுடையது, உங்கள் கணக்கில் எழுதவில்லை.

ஏன் அப்படிச் செய்தேன்? இத்தனை நாள் காத்திருந்தாச்சு, இப்போது விட்டால் அத்தனையும் வீண்தானே என்ற நினைப்புதான். ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரு உளவியலாளர்கள் 1985இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி உண்டு: ஒரு பனிச்சறுக்குப் பயணத்துக்கு 100 டாலர் கட்டிவிட்டீர்கள், அதைவிட நன்றாக இருக்கும் என்று உங்களுக்கே தோன்றுகிற இன்னொன்றுக்கு 50 டாலர் கட்டிவிட்டீர்கள், இரண்டும் ஒரே சனி ஞாயிறில் வருகிறது, பணம் திரும்பாது, எதற்குப் போவீர்கள்? பாதிக்கு மேற்பட்டவர்கள் 100 டாலர் பயணத்தைத்தான் சொன்னார்கள். என் ஏழு வாரமும் அந்த 100 டாலர் மாதிரிதான், காத்திருந்தாலும் எழுந்து போனாலும் திரும்பி வராது.

நிராகரிப்பு எனக்குப் பழக்கம், அதில் கோபமே இல்லை. ஒரு மாசம் ஆகும் என்று சொல்லியிருந்தால்கூட என் பாட்டுக்கு வேறு வேலை தேடிக்கொண்டிருப்பேன். நாளும் சொல்லாமல், இல்லை என்றும் சொல்லாமல் தொங்கவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அதனால் இனி கெடு நானே வைத்துக்கொள்கிறேன். நேர்காணல் முடிந்து பத்து வேலைநாள் பார்ப்பேன், ஒரே ஒருமுறை நினைவூட்டுவேன், அப்புறம் மூன்று நாள். அதற்குமேல் உங்கள் மௌனம்தான் உங்கள் பதில். நடுவில் வேறு யார் கூப்பிட்டாலும் போவேன்.

போன புதன்கிழமை, விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று மெயில் போட்டேன். பத்தே நிமிஷத்தில் பதில் வந்துவிட்டது: "நன்றி, குறித்துக்கொண்டோம்."