செயலாளரின் ஆண்டறிக்கை 2024-25: பாய்லர் அறையிலிருந்து தொடங்குவோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, திருப்பூர் வட்டாரத்தில் சாய, சலவை ஆலைகள் நடத்திவரும் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சந்தா, உறுப்பினர் சேர்க்கை விவரங்கள் இணைப்பில் உள்ளன. கடந்த பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த முக்கியப் பணி, ஆலைகளின் கார்பன் உமிழ்வைக் குறைப்பது. அதைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாயப் பட்டறைகள் பூட்டப்பட்டதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டோம். நம் கழிவுநீரால் நொய்யல் ஆறும் ஒரத்துப்பாளையம் அணையும் கெட்டு, கீழ்மடை விவசாயிகள் நீதிமன்றப் படியேறிய பிறகே நாம் திருந்தினோம். இன்று கழிவுநீரை ஆற்றில் விடாமல் சுத்திகரித்து, அந்த நீரையே மறுபடி சாயமேற்றப் பயன்படுத்துகிறோம். நெஞ்சு நிமிர்த்திச் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அதற்கு ஆகும் எரிபொருள் கொஞ்சநஞ்சமல்ல. ஆர்.ஓ. என்னும் சவ்வு வடிகட்டி கழித்துவிடும் உப்புநீரை ஆவியாக்கித்தான் தீர வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொதிக்கவைக்க 70 கிலோ கலோரி போதும். அதே தண்ணீரை ஆவியாக்க மேலும் 540 கிலோ கலோரி வேண்டும். ஒரு கலனில் எழும் ஆவியைக் கொண்டே அடுத்த கலனைச் சூடாக்கும் பல அடுக்கு ஆவியாக்கிகள் இந்தச் செலவைப் பெருமளவு குறைக்கின்றன. மிச்சமுள்ளதே பெரிய சுமை.

அதற்காகச் சுத்திகரிப்பைத் தளர்த்தலாம் என்று யார் சொன்னாலும் சங்கம் ஏற்காது. நீரையும் புகையையும் சேர்த்தே குறைக்க வழி இருக்கிறது. சாயமேற்றும் சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் ஒரு கிலோ துணிக்கு 10 லிட்டர் விடுகிற இடத்தில் 6 லிட்டர் விட்டால், ஒவ்வொரு பாத்திலும், அதாவது தண்ணீர் நிரப்பும் ஒவ்வொரு முறையும், 4 லிட்டர் மிச்சம். அந்த 4 லிட்டரைச் சூடாக்கவும் வேண்டாம், சுத்திகரிக்கவும் வேண்டாம். உப்பை லிட்டருக்கு இத்தனை கிராம் என்றுதான் போடுகிறோம் என்பதால் உப்பும் குறையும். ஆவியாக்க வேண்டிய உப்புநீரும் குறையும். அருள்புரம் பொது சுத்திகரிப்பு நிலையம் உப்புக் கரைசலையே சுத்தம் செய்து மீண்டும் சாயமேற்றக் கொடுத்து வழிகாட்டியது. நம் பகுதியிலேயே நடந்த இந்த முயற்சியை நம் இளைய உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

இந்த ஆண்டு உறுப்பினர்களின் அனுமதியோடு பாய்லர் அறைகளைப் பார்வையிட்டோம். இன்சுலேஷன் உரிந்த குழாய்கள், நீராவியைத் தடுத்து நீரை மட்டும் வெளியேற்ற வேண்டிய, ஆனால் பழுதாகித் திறந்தபடியே நிற்கும் ஸ்டீம் ட்ராப்கள், சுடச்சுடச் சாக்கடைக்கு ஓடும் கண்டன்சேட் (நீராவி குளிர்ந்த நீர்) எல்லாமே கண்ணில் பட்டன. சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோ அழுத்தத்தில் நீராவி ஓடும் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் ஆண்டுக்கு 33,000 லிட்டர் எரிஎண்ணெய்க்குச் சமமான வெப்பம் வீணாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். பாய்லருக்குள் போகும் தண்ணீரின் சூட்டை 6 டிகிரி கூட்டினால் எரிபொருளில் 1 சதவீதம் மிச்சம். புகைபோக்கியில் போகும் புகையின் சூட்டை 22 டிகிரி குறைத்தாலும் அதே 1 சதவீதம். புது மெஷின் வாங்கக் கடன் தேடுவதற்கு முன் ஃபிட்டரை அழைத்து இவற்றைச் சரிசெய்யுங்கள். பாய்லரை இயக்கும் ஃபயர்மேன்களுக்கு நடத்திய பயிற்சிதான் இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள நிகழ்ச்சி என்பேன். பாய்லர் எப்போது திணறுகிறது என்று முதலாளிக்கு முன்னால் அறிந்தவர் அவர்தான்.

விறகைப் பற்றி உறுப்பினர்களிடையே இரு கருத்து உண்டு. மரம் மறுபடி வளரும், அதனால் விறகுக்குக் கார்பன் கணக்கே இல்லை என்கிறார்கள் சிலர். வெட்டிய இடத்தில் மறுபடி வளர்ந்தால்தான் அது உண்மை. சீமைக்கருவேலம் வெட்டிய வேகத்தில் துளிர்க்கும். தோப்பு மரம் அப்படியல்ல. ஆகவே லோடு எங்கிருந்து வருகிறது என்று எழுதிவைக்கும் பழக்கம் வேண்டும். பச்சை விறகின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்கவே தீயில் ஒரு பங்கு வீணாகிவிடும். கொட்டகை போட்டு உலர்த்துங்கள்.

காற்றாலை இருக்கிறதே என்று கேட்கிறார்கள். உடுமலை, தாராபுரம் பக்கம் நம்மவர்கள் நிறுவிய காற்றாலைகள் நமக்குப் பெருமைதான். மாநிலத்தின் காற்றாலைத் திறனே 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கூரை சோலாரும் நல்லது. மின்வாரிய மின்சாரம் ஒரு யூனிட் குறைந்தால் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு குறையும். ஆனால் அவை மின்சாரத்துக்குத்தான் ஈடு. நம் ஆலைகளின் எரிசக்தியில் பெரும்பங்கு வெப்பமாகச் செலவாகிறது. காற்றாலைச் சான்றிதழைக் காட்டிப் பாய்லரை மறக்க முடியாது.

இறக்குமதிப் பொருளின் தயாரிப்பில் வெளியான கார்பனுக்கு விதிக்கப்படும் ஐரோப்பாவின் எல்லைக் கார்பன் வரி பனியனுக்கும் வந்துவிட்டது என்று ஒரு வதந்தி சுற்றியது. அது இரும்பு-எஃகு, அலுமினியம், சிமென்ட், உரம், ஹைட்ரஜன், மின்சாரம் ஆகியவற்றுக்கானது. ஜவுளி அதில் இல்லை. நம்மை நெருக்குவது பையர்கள், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு பிராண்டுகள், தந்த வாக்குறுதி. 2018-ல் ஐ.நா. முன்னெடுப்பில் உருவான ஃபேஷன் துறைச் சாசனத்தில் கையெழுத்திட்ட பிராண்டுகள், 2030-க்குள் உமிழ்வைப் பாதியாக்குவதாகச் சொல்லியிருக்கின்றன. அவர்கள் கணக்கில் பெரும்பகுதி நம் பாய்லரில் எரிவதுதான். குறைக்க நாம் தயார். ஆனால் ஜாப் ஒர்க் ரேட்டில், அதாவது சாயமேற்றும் கூலியில், பைசா ஏற்றாமல் கணக்குக் கேட்கும் படிவத்தை மட்டும் அனுப்பினால் எப்படி? செலவில் பங்கு கேட்பது நம் உரிமை. ஏற்றுமதியாளர்களிடம் இதை நேரடியாகவே பேசிவருகிறோம். முடிவு இன்னும் எட்டப்படவில்லை.

எரிசக்திச் சிக்கன இயந்திரங்களுக்கான கடனில் குறு, சிறு ஆலைகளுக்கு 5 சதவீதமும் நடுத்தர ஆலைகளுக்கு 3 சதவீதமும் வட்டி மானியம் தரும் திட்டத்தை மத்திய அரசு 2025 ஜூலையில் அறிவித்தது. ஜவுளித் துறையும் அதில் உண்டு. நம் ஆலைகள் பயன்பெறக் கோரி மனு அனுப்பப் பொதுக்குழுவின் அனுமதியைக் கேட்கிறேன்.

கூடவே ஒரு தீர்மானத்தையும் முன்வைக்கிறேன். ஒவ்வொரு உறுப்பினரும் ஸ்டீம் மீட்டரும் தண்ணீர் மீட்டரும் பொருத்தி, ஒரு கிலோ துணிக்கு ஆன விறகு, மின்சாரம், தண்ணீர் அளவுகளை மாதாமாதம் சங்கத்துக்குத் தர வேண்டும். ஆலையின் பெயர் வெளியே போகாது. சராசரி மட்டும் சுற்றறிக்கையில் வரும். பையர் நம்மைக் கணக்குக் கேட்கும்போது, ரேட் பேச நம் கையில் நம்முடைய எண்களே இருக்க வேண்டும்.

ஆண்டு முழுவதும் தோள்கொடுத்த தலைவர், பொருளாளர், அலுவலகப் பணியாளர்கள், பாய்லர் அறையைத் திறந்துகாட்டிய உறுப்பினர்கள் அனைவருக்கும் நன்றி. இவ்வறிக்கையையும் தீர்மானத்தையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்