மூன்றாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

என் மகன் மூன்றாம் வகுப்பில் 'தோசை' என்று நூறு முறை எழுதிய இம்போசிஷன் நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பத்து வரி சரியாக இருக்கிறது. பிறகு துணைக்கால் காணாமல் போய் 'தேசை' ஆகிறது. முப்பதைத் தாண்டியதும் 'தேச' மட்டும்தான். எழுத எழுதத் தப்பு கூடியதே தவிர, குறையவில்லை. திருத்தியவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. கடைசியில் ஒரு சிவப்பு டிக் மட்டும் போட்டிருக்கிறார்.

'தோ' எழுதுவது லேசான காரியமா? வாய் 'த்' என்று தொடங்குகிறது, கையோ இரட்டைக்கொம்பைப் போட்டுத் தொடங்க வேண்டும். அப்புறம் த, அப்புறம் துணைக்கால். காதில் விழும் வரிசை ஒன்று, தாளில் வரும் வரிசை இன்னொன்று. நமக்குப் பழகிவிட்டதால் தெரிவதில்லை. ஒலியையும் எழுத்தையும் பொருத்துவதிலேயே திணறும் டிஸ்லெக்ஸியா குழந்தைக்கு இங்கேதான் கால் இடறுகிறது. இது போதாதென்று ல, ள, ழ வேறு!

தோசையில் தடுமாறிய என் மகன், நீர் ஆவியாகி மழையாக வரும் கதையை அடுப்பில் கொதிக்கும் உலையைக் காட்டி எனக்கு விளக்கினான். பரீட்சைத் தாளில் அந்தக் கேள்விக்கு நேரே வெற்றிடம். "சோம்பேறி" என்று நானும் திட்டியிருக்கிறேன், ஒருமுறை அடித்தும் இருக்கிறேன். உங்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அங்கீகரிக்கும் 21 வகைகளில் டிஸ்லெக்ஸியா போன்ற கற்றல் குறைபாடும் ஒன்று. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்றெல்லாம் சலுகைகள் உண்டு. அதற்குச் சான்றிதழ் வாங்கப் பெற்றோர் பலர் ஓடுவது பத்தாம் வகுப்பில்தான். அதற்குள் ஏழு வருடம் போயிருக்கும், பிள்ளையும் தன்னை மக்கு என்று முடிவு கட்டியிருக்கும்.

நாற்பது பிள்ளைகள், எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, தேர்தல் வேலை என்று உங்கள் பாடு தெரியும். நோயைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை, இது நோயும் இல்லை. பேச்சில் கெட்டிக்காரனாக இருப்பவன் நோட்டில் மட்டும் தடுமாறினால் பெற்றோரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். முன்கூட்டியே சொல்லாமல் எழுப்பி உரக்கப் படிக்க வைக்காதீர்கள். பாதிக் கேள்விகளையாவது வாயால் கேட்டு மதிப்பெண் போடுங்கள். இம்போசிஷனை விட்டுவிடுங்கள்.

அந்த நோட்டைப் பார்க்க விரும்பினால் எந்தப் பள்ளிக்கும் எடுத்து வருகிறேன். முப்பதாவது வரியிலிருந்து பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவனின் அம்மா