கோச்சை வெளியே அனுப்பிய பிறகு...

அமெரிக்காவில் வார இறுதி சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற விளையாட்டு) ஆட்டங்களில் நிற்கும் அம்பயர்களுக்கு,

வணக்கம். மூன்று வருடமாக மகளைக் கூட்டிக்கொண்டு மைதானம் மைதானமாக அலைகிற ஒரு அப்பா எழுதுகிறேன். கொளுத்தும் வெயிலில் முகமூடியும் மார்புக் கவசமும் மாட்டிக்கொண்டு, சில நாள் ஒற்றை ஆளாகவே மொத்த ஆட்டத்தையும் சமாளிக்கிறீர்கள். அதில் எனக்கு நிறைய மரியாதை உண்டு. கோச்சை வெளியேற்றுவது சரியா தப்பா என்று கேட்க வரவில்லை. அதற்கு அப்புறம் நடப்பதைத்தான் பேச வேண்டும்.

போன மாதம் 12 வயதுக்கு உட்பட்ட பெண்கள் ஆட்டம். நாலாவது இன்னிங்ஸில், பேட்டர் நின்று அடிக்கும் ஹோம் பிளேட்டில் ஒரு அவுட். எங்கள் கோச் ஓடிவந்து கத்தினார், அம்பயர் எச்சரித்தார், அவர் அடங்கவில்லை, வெளியே போகச் சொல்லிவிட்டார். அதுவரை சரி. ஆனால் கோச் போனது வேலிக்கு அந்தப் பக்கம், அவ்வளவுதான். அங்கே நின்றபடியே பந்து வீசும் பிட்சருக்குச் சைகை காட்டினார். அம்பயர் வேலி வரை போய் இன்னொரு முறை சண்டை போட்டுவிட்டுத் திரும்பினார், கோச் அசையவில்லை, ஆட்டம் தொடர்ந்தது. பந்து வீசியது என் மகள். வீடு வரும்வரை அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களின் தேசிய விதிப்புத்தகத்தில் இது தெளிவாகவே இருக்கிறது: வெளியேற்றப்பட்ட கோச் உடனே மைதானத்துப் பக்கத்தை விட்டே போக வேண்டும், ஆட்டம் முடியும்வரை நேராகவோ வேறு வழியிலோ அணியோடு தொடர்பு கூடாது. அப்படியென்றால் கார் பார்க்கிங்கில் உட்கார்ந்து அசிஸ்டெண்ட் கோச்சுக்கு மெசேஜ் அனுப்புவதும் கூடாதுதானே? அந்த விதிப்படி, போக மறுத்தால் ஆட்டத்தையே எதிரணிக்கு 7-0 என்று கொடுத்துவிடும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஏன் வாக்குவாதம்?

தீர்ப்பைச் சொன்னதும் திரும்பி நடந்துவிடுங்கள். இன்னொரு அம்பயர் இருந்தால் அவர் கோச்சை அழைத்துப் போகட்டும். தனியாக இருந்தால் அசிஸ்டெண்ட் கோச்சைக் கூப்பிட்டு, கோச் கண்ணுக்கும் காதுக்கும் எட்டாத தூரம் போகாவிட்டால் ஆட்டம் கைவிட்டுப் போகும் என்று குரல் உயர்த்தாமல் ஒரே முறை சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள, அணி உட்காரும் டக்அவுட்டில் பொறுப்பான பெரியவர் யார் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள், இதைப் பல பேர் மறந்துவிடுகிறீர்கள். கோச் போய்ச் சேரும்வரை அடுத்த பந்து வீசப்படக் கூடாது.

அப்புறம், அன்று ராத்திரியே அறிக்கை எழுதி அனுப்புங்கள், எந்த இன்னிங்ஸ், என்ன சொன்னார், எப்போது போனார் என்று. எங்கள் ஆட்டத்துக்கு யாரும் எழுதவில்லை. அடுத்த சனிக்கிழமை அதே கோச் அதே டக்அவுட்டில் நின்றார்.