‘மின்கசிவு’ என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். லாரி தீப்பிடித்தது, வேன் தீப்பிடித்தது என்று செய்தி வரும்போதெல்லாம் கடைசி வரியில் “மின்கசிவே காரணம் என்று கூறப்படுகிறது” என்று போட்டு முடித்துவிடுகிறீர்கள். உங்கள் நாளிதழ் மட்டுமல்ல, எல்லாப் பத்திரிகையும் அப்படித்தான் எழுதுகிறது. அந்த வரி போதாது என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கரண்ட் சும்மா கசியாது. எங்கேயோ ஒரு இணைப்பு லூஸாகியிருக்கும், ஒரு ஒயர் உரசித் தேய்ந்திருக்கும், அதை யாரோ கவனிக்காமல் விட்டிருப்பார்கள்.

நான் பதினாறு வருடமாக டாடா 407 மினி லாரி வைத்து ஓட்டுகிறேன், புதுவயல் மில்லில் அரிசி ஏற்றி தேவகோட்டை, திருப்பத்தூர் கடைகளுக்குப் போடுவேன், ஆத்தங்குடி கல் லோடு கிடைத்தால் அதுவும் எடுப்பேன். 1999 மாடல் வண்டி. போன வருடம் புதுக்கோட்டைக்குக் கல் ஏற்றிக்கொண்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் கானாடுகாத்தான் தாண்டிப் போகும்போது ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன், ஹெட்லைட், டாஷ்போர்டு விளக்கு, ஹாரன் எல்லாம் மொத்தமாகப் போய்விட்டது. டீசல் வண்டி, பழைய பம்பு, அதனால் இஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. எதிரே ஒரு பஸ். மூன்று நொடி இருக்கும், எல்லாம் திரும்ப வந்துவிட்டது. திருமயம் போய் டீக்கடை வாசலில் நிறுத்தின பிறகும் கை நடுக்கம் நிற்கவில்லை.

மறுநாள் பட்டறையில் விட்டால் வண்டி ஒழுங்காக இருக்கிறது. விட்டுவிட்டு வரும் கோளாறில் இதுதான் பெரிய கொடுமை, காட்டு என்றால் காட்டாது. சரி, பேட்டரி பழசு என்றார்கள், மாற்றினேன். பத்து நாள் ஒன்றும் இல்லை, பதினோராவது நாள் பழையபடி. அப்புறம் லைட் சுவிட்சு. அப்புறம் டைனமோவைக் கழற்றிச் சரிபார்த்தார்கள். பதினான்காயிரம் ரூபாய்க்கு மேல் போயிற்று. ஒவ்வொன்று மாற்றும்போதும் சில நாள் நன்றாக ஓடியதற்குக் காரணம் பிறகுதான் புரிந்தது. மாற்றுகிறவர் கை பட்டு ஒயரும் கேபிளும் அசைகிறது, கெட்டுப்போன இணைப்பு கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொள்கிறது, நாம் புதுச் சாமான்தான் சரிசெய்தது என்று நம்பிவிடுகிறோம்.

கடைசியில் தேவகோட்டையில் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் போனேன். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. “தம்பி, எப்பத்திலேருந்து இப்படி? அதுக்கு முன்னாடி வண்டியில என்ன வேலை பாத்தீங்க?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால், எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்காகக் கேபினுக்குப் பெயிண்ட் அடித்த பிறகுதான். லோடு இருக்கும்போது வருமா, காலியாகப் போகும்போதா? லோடில்தான். மழையிலா, வெயிலிலா? எதுவானாலும். ஹெட்லைட் மட்டும் போகுமா, கேபினில் எல்லாமேவா? எல்லாமே. “அப்ப ஒவ்வொரு சாமானையும் தேட வேண்டாம், எல்லாத்துக்கும் பொதுவா இருக்கிற இடத்தைப் பாப்போம்” என்றார். எனக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

அவர் செய்த சோதனையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், வண்டி வைத்திருக்கும் யாரும் செய்யக்கூடியது, சாதாரண மல்டிமீட்டர் போதும். ஹெட்லைட்டைப் போடச் சொன்னார். மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் மைனஸிலும் இன்னொரு முனையைக் கேபின் தகரத்தில் பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வைத்தார். எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் பாதை, சரியாக இருந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. 1.8 காட்டியது. என்னைக் கேபினைப் பிடித்து உலுக்கச் சொன்னார், 8 வரைக்கும் போய்த் திரும்பியது. விளக்கும் கூடவே மங்கிப் பளிச்சிட்டது. அத்தனை மாதம் ஒளிந்துகொண்டிருந்த கோளாறு கண் முன்னால்.

407-இல் கேபின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதற்கும் அடிச்சட்டமான சேஸிஸுக்கும் நடுவில் கரண்ட் திரும்பிப் போக ஒரு எர்த் பட்டை உண்டு. பெயிண்ட் அடித்தவர் அந்த போல்ட்டைக் கழற்றி, அடியில் பெயிண்டையும் அடித்து, அதன் மேலேயே திரும்ப முடுக்கிவிட்டார். பட்டையின் முனையில் போல்ட் மாட்டும் லக்குக்குள் செம்பு ஏற்கெனவே களிம்பேறிப் பச்சையாகி, பாதிக் கம்பி அறுந்தும் இருந்தது. லோடு ஏறி ரோட்டில் சேஸிஸ் முறுக்கும்போது அந்தத் தொடுப்பும் விட்டுப்போகிறது. உப்புத்தாள் போட்டுத் தகரம் பளபளக்கத் தேய்த்து, புதுப் பட்டை போட்டு, மேலே வாசலைன் தடவினார். திரும்ப அளந்தால் 0.08 வோல்ட். முன்னூற்றைம்பது ரூபாய் வாங்கினார்.

முதல் பட்டறையிலும் இதே பட்டையைச் சோதித்துப் பார்த்தார்களே என்று கேட்டேன். அங்கே விளக்கை அணைத்துவிட்டு மீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பார்த்தார்கள், வந்தது, ஒயர் நல்லாயிருக்கு என்று விட்டுவிட்டார்கள். ஒற்றைப் பனைமரத்தைப் போட்ட வாய்க்காலில் ஆள் நடந்து போய்விடலாம், நெல் வண்டி போக முடியுமா? ஒரு இழை மிச்சம் இருந்தாலே பீப் அடிக்கும். பத்து ஆம்பியர் ஓடும்போது அளந்தால்தான் உண்மை தெரியும்.

தீக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். என் வண்டி அதற்குப் பக்கத்தில்தான் போய்க்கொண்டிருந்தது. எர்த் கெட்டதால் ஹெட்லைட் மங்கியது. வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே ஹாலஜன் பல்பில் வெளிச்சம் முப்பது சதவீதம் போய்விடும். நான் 60 வாட் பல்பை எடுத்துவிட்டு 100 வாட் போட்டேன். இரண்டு பல்புக்கும் பத்து ஆம்பியர் இழுத்த இடத்தில் பதினாறுக்கு மேல் ஓடியது, ஒயர் அதே பழைய ஒயர். ஆம்பியர் ஒன்றரை மடங்கானால் சூடு இரண்டேகால் மடங்காகும். ஃபியூஸ் அடிக்கடி போனது. போகப் போக ஒருவர் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பியைச் சுற்றிக் கொடுத்தார், நானும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு வந்தேன். டாஷ்போர்டைப் பிரித்தபோது ஹெட்லைட் ஒயரின் மேல்தோல் இளகி இன்னொரு ஒயரோடு ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் நெல் அவிக்கப் போகும்போது பிள்ளைகளோடு ஏறி வரும் வண்டி அது. இன்னும் இரண்டு மாதம் போயிருந்தால் என்னைப் பற்றியும் “மின்கசிவே காரணம்” என்றுதான் செய்தி வந்திருக்கும்.

எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு வருடா வருடம் எஃப்.சி. காட்டுகிறோம். அன்றைக்கு விளக்கு எரிகிறதா என்று பார்க்கிறார்கள், நின்ற வண்டியில் எரியத்தான் செய்யும். ஹெட்லைட் எரியும்போது எர்த்தில் எத்தனை வோல்ட் நிற்கிறது என்று அளப்பதற்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, அதையும் சேர்க்க வேண்டும். ஃபியூஸ் பாக்ஸைத் திறந்து கம்பி சுற்றியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். உலோகம் எப்படி அரிக்கிறது, அதை எப்படித் தடுப்பது என்றும் ஆராய்கிற சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நம் காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-இல் திறந்த நிலையம். இந்தக் களிம்பு அவர்களுக்குத் தெரியாத விஷயமில்லை. சுற்று வட்டாரத்துப் பட்டறைக்காரர்களுக்கு வருடத்தில் ஒரு நாள் மாலை வகுப்பு நடத்தினால், எந்த லக்கை எப்படி அழுத்துவது, எதைத் தடவுவது என்று சொல்லிக்கொடுத்தால், பட்டறையில் வேலை பார்க்கும் இளம் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். உங்கள் நாளிதழ் இதை எடுத்து எழுத வேண்டும். வண்டி எரிந்த செய்தி வந்தால் இரண்டு நாள் கழித்து மோட்டார் வாகன ஆய்வாளரிடம் எந்த ஒயர், எந்த இணைப்பு என்று கேட்டுப் போட வேண்டும்.

அந்த வகுப்பு நடந்தால் என் வண்டியையே கொண்டுவந்து நிறுத்துகிறேன். பச்சை பிடித்த பழைய எர்த் பட்டையையும் எடுத்து வைத்திருக்கிறேன், கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு 407 உரிமையாளர்,
புதுவயல்.