கை ஓங்குவதற்கு முன்னால்

அன்புள்ள சேகர்,

மகளுக்கு வேலை கிடைத்ததைப் படித்து இங்கே எல்லோருக்கும் சந்தோஷம், அவளிடம் சொல். பதில் தாமதமானதற்குக் காரணம் நீ கடைசியில் எழுதிய வரிதான்: வன்முறை மனிதன் ரத்தத்திலேயே ஊறியது, தண்டனைக்குப் பயந்தால்தான் அடங்குவான் என்று. இரண்டு வாரமாக அதுவே மனதில் ஓடுகிறது.

நம்மோடு எட்டாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் இருந்தவனை ஞாபகம் இருக்கிறதா? வாத்தியார் எல்லோர் முன்னாலும் அறைந்த அன்று சாயங்காலம், தன் தம்பியை மண்ணில் தள்ளி மிதித்தான். அவன் கன்னத்தில் விரல் தடம் அப்போதும் சிவந்திருந்தது. நாம் இருவரும் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றோம். தண்டனை வாங்கிய கையோடுதானே அவன் அடித்தான்? பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று சுவீடன் 1979-லேயே சட்டம் போட்டது, உலகில் முதல் நாடு அதுதான். அதைப் படித்தபோது எனக்கு இவன் முகம்தான் வந்தது.

அப்புறம், தண்டனை யாரைப் போய்ச் சேருகிறது என்றும் பார். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முக அறுவை சிகிச்சை மருத்துவர், அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் போலீஸ் கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். எங்கே, எதனால் அடிபட்டது என்று மட்டும் கேட்டுக் குறித்து, பெயர் இல்லாமல் போலீசுக்கும் நகராட்சிக்கும் கொடுக்க ஆரம்பித்தார்கள். மதுக்கூடங்களில் உடைந்த கிளாஸால் முகம் கிழிந்து வந்தவர்கள் அத்தனை பேர். எளிதில் உடையாத கிளாஸ் வேண்டும் என்று அந்த மனிதர் போராடியது எனக்கு ரொம்பப் பிடித்தது.

சரி, உன் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஸ்காட்லாந்தில் அப்போது கத்திக்குத்துக்குப் பேர்போயிருந்த கிளாஸ்கோ நகரில் 2005-ல் வன்முறையைக் குறைக்கவென்றே போலீஸ் தனிப் பிரிவு தொடங்கியது. கும்பல் பையன்களை வரவழைத்து, நிறுத்தாவிட்டால் விடமாட்டோம் என்று கண்டிப்பாகச் சொன்னார்கள். ஆனால் அதே இடத்தில் மகனைப் பறிகொடுத்த தாயும் பேசினாள், விலகி வருகிறவனுக்குப் படிப்புக்கும் வேலைக்கும் வழி செய்தார்கள். பிறகு அங்கே கொலைகள் வெகுவாகக் குறைந்தன. ரத்தம் மாறவில்லையே சேகர், அதே ஊர்ப் பையன்கள்தானே!

அன்று நாம் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடி அவன் கையைப் பிடித்திருக்கலாம். நாலு எட்டு தூரம்தான். அந்தத் தம்பி இப்போது எங்கே இருக்கிறான், எப்படி இருக்கிறான் என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

உன்,
ராமு