காங் லாவையும் தோரோங் லாவையும் கடக்க வைத்த உங்களுக்கு

அன்புள்ள வழிகாட்டித் தம்பிக்கும், அவருடைய உதவியாளருக்கும், எங்கள் சுமையைத் தூக்கி வந்த மூன்று சகோதரர்களுக்கும், ஃபூ, நார், மனாங் ஊர்களில் எங்களுக்கு இடமும் சோறும் தந்த வீட்டாருக்கும்,

வணக்கம். நாங்கள் ஆறு பேரும் நல்லபடியாகக் கோவை வந்து சேர்ந்துவிட்டோம். வந்ததிலிருந்து வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் படம் காட்டுவதே வேலையாக இருக்கிறது. நேபாளத்தின் தோரோங் லா கணவாயில், 5,416 மீட்டர் என்று எழுதிய பலகைக்கு முன்னால் நாங்கள் ஆறு பேரும் பல்லெல்லாம் தெரிய நிற்கிற படத்தைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். "அடேயப்பா, பெரிய சாதனைதான்!" என்கிறார்கள். அந்தப் படத்தில் நீங்கள் ஒருவரும் இல்லை. அதை எடுத்தவர் தம்பி. சுமை தூக்கி வந்தவர்கள் அதற்குள் எங்கள் பைகளோடு பாதி இறக்கம் இறங்கியிருந்தார்கள். அதனால்தான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. சொல்ல வேண்டியதின் சாரத்தை, நமக்குள் பேசிக்கொண்ட அதே அரைகுறை இந்தியில் வாட்ஸாப்பில் பேசி அனுப்பியாகிவிட்டது. இங்கிருந்து அடுத்து அந்தப் பக்கம் போகிறவர்கள் உங்களைப் போன்றவர்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

முதலில் தம்பிக்கு. அன்னபூர்ணா சுற்றுப் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் சாமே, பிசாங், மனாங் என்று நேராகப் போய்விடுவார்கள். நாங்கள் கோட்டோவில் வடக்கே பிரிந்து, நார்-ஃபூ பள்ளத்தாக்குக்குள் போய், காங் லா கணவாய் ஏறி மனாங் பக்கம் இறங்க வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டோம். அது தனி அனுமதி வாங்கிக்கொண்டு போக வேண்டிய பகுதி. அங்கே ஒரு சங்கடம் உண்டு. கோட்டோ சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மேட்டா 3,560. பலர் ஒரே நாளில் ஏறிவிடுகிற தூரம். தம்பி அதை இரண்டு நாளாக்கி, நடுவில் ஒரு சின்னத் தங்குமிடத்தில் எங்களைப் படுக்க வைத்தார். உடல் உயரத்துக்குப் பழக வேண்டும், அதனால் மூவாயிரம் மீட்டரைத் தாண்டிவிட்டால், இன்று படுக்கிற இடத்துக்கும் நாளை படுக்கிற இடத்துக்கும் 500 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்று அன்று ராத்திரி பொறுமையாக விளக்கினார்.

அப்படியும் என் தங்கை கணவருக்கு மேட்டாவில் தலைவலி வந்துவிட்டது. மாத்திரை போட்டும் நிற்கவில்லை, இரண்டு முறை வாந்தி. அவர் மாரத்தான் ஓடுகிறவர். எங்களில் யாருக்காவது முடியாமல் போனால் அது அவராக இருக்காது என்று எல்லோரும் நினைத்திருந்தோம். மலை உயரத்துக்கு உடல் திடமெல்லாம் ஒரு கணக்கே இல்லை, ஓட்டக்காரரையும் பிடிக்கும், ஒன்றும் செய்யாதவரை விட்டும் வைக்கும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. "காலையில் பார்த்துக்கலாம்" என்று அவர் இழுத்தார். தம்பி குரலை உயர்த்தவே இல்லை. "இப்போது உங்களால் நடக்க முடிகிறது, அதனால் இப்போதே இறங்குங்கள். காலையில் நடக்க முடியாவிட்டால் உங்களை யார் இறக்குவது?" என்று மட்டும் கேட்டார். வெளிச்சம் இருக்கும்போதே உதவியாளரையும் சுமைக்காரர் ஒருவரையும் துணைக்குப் போட்டு, அவரைக் கீழே அனுப்பிவிட்டார். அந்தச் சுமைக்காரர் எடுத்துவந்த மற்ற பொருள்களில் பாதியை அடுத்த இரண்டு நாளும் தம்பியே தன் முதுகில் ஏற்றிக்கொண்டார்.

எங்களிடம் காசு வாங்கியிருக்கிறார், நாங்கள் வாடிக்கையாளர்கள், "முடியாது" என்று சொன்னால் கோபப்படுவோம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னார். 2023 ஏப்ரலிலிருந்து வெளிநாட்டவர் மலைப்பாதைகளுக்கு வழிகாட்டியோடுதான் போக வேண்டும் என்று நேபாளம் விதி போட்டிருக்கிறது. அதைச் சுதந்திரத்துக்குத் தடை என்று குறைப்பட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தக் குறை இல்லை. பாதை காட்டுவதற்கு இன்று கைப்பேசியே போதும். சரியான நேரத்தில் "போதும், இறங்கு" என்று சொல்வதற்கு ஆள் வேண்டும்.

உதவியாளருக்குத் தனியாக ஒரு நன்றி. கோட்டோ இறங்கியதும் தலைவலி விட்டுவிட்டது. அங்கே ஓய்வெடுக்க வைத்து, பிறகு சாமே, பிசாங் வழியாக மெதுவாக நடத்திவந்து, நாங்கள் போய்ச் சேர்வதற்கு முந்தின நாளே மனாங்கில் அவரை உட்கார வைத்திருந்தார். அந்த நாட்களில் அவருக்குச் சீட்டாட்டமும் கற்றுக்கொடுத்து, கொஞ்சம் பணமும் ஜெயித்திருக்கிறார். போகட்டும், நியாயமான கட்டணம்.

ஃபூ ஊர் 4,000 மீட்டருக்கு மேலே, கற்களை அடுக்கிக் கட்டிய வீடுகளாகக் குன்றின் மீது நிற்கிறது. காத்மாண்டுவில் ஒரு கடையில் வாடகைக்கு எடுத்த என் தூக்கப்பையின் ஜிப் அங்கே போய்த்தான் பிய்ந்தது. ராத்திரி குளிர் உறைநிலைக்குக் கீழே. விடுதி அக்கா ஒன்றும் கேட்காமல் பையை வாங்கி, அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளி தைக்கிற ஊசியால் பக்கவாட்டை முழுக்கத் தைத்துக் கொடுத்தார். மேல்பக்கமாக உள்ளே புகுந்து தூங்க வேண்டியதாயிற்று, ஆனால் தூங்கினேன். காசு கொடுத்தபோது சிரித்துவிட்டு, இன்னொரு பாப்பர் (பக்வீட்) ரொட்டியைத் தட்டில் போட்டார். அந்த ரொட்டியோடு வைத்த, மிளகு மாதிரி இருக்கிற திமுர் என்கிற மசாலா போட்ட சட்னி நாக்கை மரத்துப்போக வைத்தது. மிளகுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது வேறு ஜாதி. வீட்டில் செய்து பார்க்கிறேன், வரவில்லை.

இனிச் சுமை தூக்கியவர்களுக்கு. நெற்றியில் நாம்லோ பட்டை, முதுகில் எங்கள் பைகள். பெரும்பாலும் எங்களுக்குப் பின்னால் கிளம்பி, எங்களைத் தாண்டிப் போய், நாங்கள் சேரும்போது டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். மலையில் பிறந்தவர்கள், உங்களுக்கு இதெல்லாம் சாதாரணம் என்று நினைத்திருந்தேன். நீங்கள் மூவரும் நெல் விளைகிற தாழ்வான ஊர்க்காரர்கள், காங் லா உயரத்தில் உங்களுக்கும் எங்களைப் போலவே மூச்சு வாங்கும் என்று நாரில்தான் தெரிந்தது. ஆளுக்குப் பத்து கிலோவுக்கு மேல் பை கூடாது என்று தம்பி போக்ராவில் தராசு வைத்து நிறுத்தது எதற்கென்று அன்றைக்குப் புரிந்தது. பை பெருத்தால் கனப்பது யார் கழுத்து? ஏஜென்சியில் பேரம் பேசிப் பத்தாயிரம் குறைத்தேன் என்று பெருமைப்படுகிறவர்கள், அந்தப் பத்தாயிரம் யார் கூலியிலிருந்து போகிறது என்றும் கேட்டுவிட்டுப் பெருமைப்படலாம்.

காங் லா 5,320 மீட்டர். நாரிலிருந்து இருட்டில் கிளம்பி 1,200 மீட்டர் ஏற வேண்டும். ஏறியதும் அன்னபூர்ணா மலைத்தொடர் ஒரே வரிசையாக எதிரே நிற்கிறது. நான் அதைப் பார்த்தது கொஞ்ச நேரம்தான். அடுத்து ஙவால் வரைக்கும் 1,600 மீட்டருக்கு மேல் இறக்கம், அதுவும் தொடக்கத்தில் காலை வைத்தால் சரிகிற சரளைக்கல். என் வலது முழங்கால் பாதியிலேயே மறுத்துவிட்டது. உங்களில் மூத்தவர் கீழே ஓரிடத்தில் தன் சுமையை இறக்கிவைத்துவிட்டு, அந்தச் சரிவில் மறுபடி மேலே ஏறி வந்தார். என் சின்னப் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தன் கம்பை என் கையில் கொடுத்து, எனக்கு ஓரடி கீழே, பக்கவாட்டில் நின்று நின்று இறங்கினார். நான் சரிந்தால் அவர் மேல்தான் விழுவேன். "பிஸ்தாரை, தீதி, பிஸ்தாரை" (மெதுவாக, அக்கா, மெதுவாக) என்பதைத் தவிர வேறு ஒன்றும் பேசவில்லை. ஐயா, அதற்கு நான் கொடுத்த டிப்ஸ் ஈடாகாது என்று எனக்குத் தெரியும். ஈடு என்ன என்று தெரியாததால் எழுதுகிறேன்.

மனாங்கில் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் 1981 முதல் ஒரு மருத்துவ நிலையம் நடத்துகிறது. சீசனில் தன்னார்வ மருத்துவர்கள் இருந்து, பிற்பகலில் மலைநோய் பற்றி வகுப்பும் எடுக்கிறார்கள். என் தங்கை கணவரைச் சோதித்து, ஆக்ஸிஜன் அளவு பார்த்து, எந்த வேகத்தில் போனால் தோரோங் லா போகலாம் என்று சொன்ன மருத்துவருக்கு நன்றி. வகுப்பில் நாங்கள் கேட்ட அசட்டுக் கேள்விகளுக்கும் முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

விஜயதசமியும் மனாங்கில்தான் வந்தது. நேபாளத்தில் தசைன் என்றால் நம் ஊர்த் தீபாவளியும் பொங்கலும் சேர்ந்த மாதிரி. எங்கே வேலை செய்தாலும் வீட்டுக்குப் போய், பெரியவர்கள் கையால் நெற்றியில் டீகா வைத்துக்கொள்ள வேண்டிய நாள். அந்த நாளில் நீங்கள் ஐந்து பேரும் எங்கள் பைகளோடு இருந்தீர்கள். தயிர், அரிசி, சிவப்புப் பொடி குழைத்த தட்டை என்னிடம் நீட்டி, "குழுவில் நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும்தான் மூத்தவர்கள், நீங்கள் வையுங்கள்" என்றீர்கள். கை நடுங்கியது. உங்கள் அம்மாக்களுக்குச் சேர வேண்டிய வேலை அது. அன்று உங்களை எங்களுக்கு விட்டுக்கொடுத்த உங்கள் வீட்டாருக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

தோரோங் லா பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வானம் தெளிவாக இருந்தது, காற்று கிளம்புமுன் கடந்துவிட்டோம். ஆனால் முந்தின நாள் தம்பி வானிலையை மூன்று இடங்களில் கேட்டுக்கொண்டிருந்ததைக் கவனித்தேன். 2014 அக்டோபரில் விசாகப்பட்டினத்தில் கரையேறிய ஹுட்ஹுட் புயல், இரண்டே நாளில் இந்த மலைகளில் பனிப்புயலாக வந்து கொட்டியது. தோரோங் லாவிலும் சுற்றுவட்டாரத்திலும் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் வழிகாட்டிகளும் சுமைக்காரர்களும் உண்டு. வங்கக் கடலில் புயல் என்றால் நாம் கடற்கரையைத்தான் பார்ப்போம். தம்பி மலையைப் பார்க்கிறார்.

முக்திநாத் எங்களுக்குக் கிட்டத்தட்ட ஊர் வந்த மாதிரி. திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்று வைணவர்கள் கொண்டாடுகிற தலம், பௌத்தர்களுக்கும் புனிதமான இடம். 108 தாரைகளின் கீழேயும் ஓடி நனைந்து, பல் தந்தியடிக்க நின்றபோது, யாத்திரைக்கு வந்திருந்த ஒரு தமிழ்க் குழுவின் மாமி எங்களைப் பார்த்து, "நடந்தா வந்தேள்? பைத்தியமா?" என்று கேட்டுவிட்டு, ஆறு பேருக்கும் உங்களுக்கும் சேர்த்துப் புளியோதரை கொடுத்தார். மாமி, நீங்கள் யார் என்றுகூட நாங்கள் கேட்கவில்லை. நாள் கணக்காகப் பருப்பும் சோறுமே சாப்பிட்ட நாக்குக்கு அது என்ன செய்தது என்று உங்களுக்குத் தெரியாது.

மருதமலைப் படிகளில் எங்களோடு விடியற்காலையில் ஏறி இறங்கிய நண்பர்களுக்கும், நாங்கள் இல்லாத நாட்களில் மாமனாரைப் பார்த்துக்கொண்ட நாத்தனாருக்கும், கண்டகி ஆற்றோரம் புழுதிக் காற்றில் ஜீப் ஓட்டியவருக்கும் நன்றி.

தம்பி, அச்சிட்ட படங்களும், எல்லோருக்கும் கம்பளிக் காலுறைகளும் ஒரு பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். அடுத்த மாதம் போக்ரா வருகிற உறவினர் கொண்டுவருவார். டீகா வைத்த அன்று எடுத்த படத்தை மூத்தவரிடம் கொடுங்கள், அதில் எல்லோரும் இருக்கிறோம். அப்புறம், அடுத்த வருஷம் மனாஸ்லு மலைப் பக்கம் லார்க்யா லா கணவாய் போகலாமா என்று என் தங்கை கணவர் இப்போதே ஆரம்பித்துவிட்டார். அவரிடம் நீங்களே பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டாம் என்றால் கேட்பார். நாங்கள் சொன்னால் கேட்க மாட்டார்.

அன்புடன்,
உங்கள் தீதி,
கோயம்புத்தூர்